மார்கழி விடியலில் மட்டும் நிற்கும் ஆயில் எஞ்சின்: பயோடீசல்தான் காரணமா?

அணைக்கட்டு விவசாயி:
கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுகிறோம். ஆலையை ஓட்டுவது ஒற்றை சிலிண்டர் ஆயில் எஞ்சின். வயது இருபதுக்கு மேல். பலகாரக் கடைகளில் பொரித்துக் கழித்த எண்ணெயைப் பயோடீசலாக்கித் தரும் ஒருவரிடம் ஐப்பசியிலிருந்து வாங்கி, டீசலுடன் பாதிக்குப் பாதி கலந்து ஓட்டுகிறேன். (புகையில் முறுக்கு வாசனை வருகிறது என்று ஆட்கள் சிரிக்கிறார்கள்.) முதல் இரண்டு வாரங்களில் பில்டர் இருமுறை அடைத்தது, மாற்றிய பிறகு கார்த்திகை முழுவதும் சிக்கலில்லை. மார்கழி பிறந்ததிலிருந்து, காலை 4.30 மணிக்குச் சுற்றிவிட்டால் கால் மணி நேரம் ஓடி, மெல்ல மெல்ல இறங்கி நின்றுவிடுகிறது. வெயில் ஏறிய பிறகு அதே கலவையில் பொழுது சாயும்வரை ஓடுகிறது. டீசலைப் பீச்சும் நாசிலைச் சோதித்தாயிற்று, குழாயில் சிக்கிய ஏரை எடுத்தும் பார்த்தாயிற்று. பொங்கலுக்கு முன் வெல்லத்தை மண்டிக்கு அனுப்ப வேண்டும் என்பதால் கேட்கிறேன்.

காட்பாடி மெக்கானிக்:
அண்ணா, ஐப்பசியில் அடைத்ததும் இப்போது அடைப்பதும் ஒன்றா என்பதே என் ஐயம். பயோடீசல் நல்ல கரைப்பான். பழைய டாங்கின் அடியில் ஆண்டுக்கணக்கில் படிந்த கசடை அது பெயர்த்துக்கொண்டு வரும் என்பதால், முதலில் ஓரிரு பில்டர் போவது இயல்புதான். கழற்றிய பில்டர்களின் நிறத்தைச் சொல்லுங்கள். டீசல் ரப்பர் குழாயையும் அழுத்திப் பாருங்கள். பழைய ரப்பர் இதில் ஊறி உப்பிவிடும்.

அணைக்கட்டு விவசாயி:
முதல் இரண்டும் கறுப்பு. இப்போது கழற்றியதில் உறைந்த நெய்போல் வெள்ளையாக அப்பியிருக்கிறது. கடைகளில் வாங்குவது பெரும்பாலும் பாமாயில், கொஞ்சம் வனஸ்பதி என்று எண்ணெய் தருபவர் சொன்னார். குழாய் உப்பித்தான் இருக்கிறது; மாற்றிவிடுகிறேன்.

வேதியியல் ஆசிரியர், ராணிப்பேட்டை:
ஐயா, வனஸ்பதி என்றதுமே பாதி விளங்கிவிட்டது. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த எண்ணெயிலிருந்து வரும் பயோடீசல் குளிரில் சீக்கிரம் கலங்கும். பாமாயிலிலிருந்து செய்தது, டீசல் சேர்க்காத நிலையில், ஏறத்தாழ 13 முதல் 16 டிகிரி செல்சியஸிலேயே கலங்கத் தொடங்கும். டீசல் கலந்தால் அந்த அளவு இறங்கும் என்றாலும், எண்ணெயைப் பயோடீசலாக்கும் வினை முழுமையாக முடியாமல் தங்கிவிடும் மோனோகிளிசரைடுகள் (பாதி மட்டுமே மாறிய கொழுப்பு) அதற்கு முன்பே பிரிந்து பில்டரில் படியக்கூடும். மலையடிவாரத்து விடியல் குளிர் அதற்குப் போதும்.

ஆனால் வெள்ளையாக இருப்பதெல்லாம் கொழுப்பு அல்ல, சோப்பாகவும் இருக்கலாம். பில்டரிலிருந்து சுரண்டியதை உலர்ந்த டம்ளரில் இட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்துங்கள். கொழுப்பானால் உருகித் தெளியும். உருகாமல் எஞ்சுவதை மட்டும் மழைநீரில் போட்டுக் குலுக்குங்கள். நுரைத்தால் அது சோப்பு.

அணைக்கட்டு விவசாயி:
பெரும்பகுதி உருகிவிட்டது. அடியில் கொஞ்சம் திப்பிபோல் நின்றது, குலுக்கினால் நுரைக்கிறது.

வேதியியல் ஆசிரியர், ராணிப்பேட்டை:
அப்படியானால் இரண்டுமே இருக்கின்றன. பலமுறை பொரித்த எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் பெருகிவிடும். அதை முன்னதாக அளந்து பாராமல், பயோடீசலாக்க மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்தால், சோடாவின் ஒரு பங்கு அமிலத்தோடு சேர்ந்து சோப்பாகிவிடும், வினையும் அரைகுறையாக நிற்கும். வினையில் உடன் உருவாகும் கிளிசரினைப் பிரித்த பிறகு நீரில் நன்கு கழுவி, உலர்த்தித் தர வேண்டியது தயாரித்தவரின் பொறுப்பு. பயோடீசலுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 15607-இன்படி சோதித்த சான்று இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள், மழுப்பினால் வாங்காதீர்கள். நீங்களே தயாரிக்க முயலவும் வேண்டாம்: மெத்தனால் கண்பார்வையையும் உயிரையும் பறிக்கும் நஞ்சு, அதை வைத்திருக்க உரிமமும் தேவை.

காட்பாடி மெக்கானிக்:
ஆலை நிற்காமலிருக்க இப்போதைக்கு ஒரு வழி. வெறும் டீசலுக்குச் சிறிய டாங்க் ஒன்றை மேலே கட்டி, இரண்டு டாங்கில் எதிலிருந்து வேண்டுமானாலும் திருப்பிவிடும் மூவழி காக் பொருத்துங்கள். வெறும் டீசலில் எடுத்து, எஞ்சின் சூடேறி வெயிலும் வந்த பிறகு கலவைக்கு மாற்றுங்கள். நிறுத்துவதற்குப் பத்து நிமிடம் முன்பே டீசலுக்குத் திரும்பிவிட்டால், பம்பிலும் நாசிலிலும் இரவில் எதுவும் உறையாது. கலவையில் பயோடீசலையும் ஐந்தில் ஒரு பங்காகக் குறையுங்கள். எஞ்சின் ஆயில் மட்டம் ஏறுகிறதா என்று வாரமொருமுறை குச்சியை இழுத்துப் பாருங்கள். ஏறினால் பயோடீசல் உள்ளே இறங்குகிறது, ஆயிலை உடனே மாற்ற வேண்டும்.

அணைக்கட்டு விவசாயி:
நேற்று காக் பொருத்தினேன். இன்று விடியலில் டீசலில் எடுத்து, ஒன்பது மணிக்கு மாற்றினேன், ஒருமுறையும் நிற்கவில்லை. சான்று கேட்டதற்கு எண்ணெய்க்காரர் "அடுத்த வாரம்" என்கிறார். அதுவரை மீதமுள்ள இரண்டு கேன்களையும் திறக்கப் போவதில்லை.