புதுப்பிப்பு: இரும்புக்கை மாயாவி காணிக்கை ஓவியம், மை வேலை முடிந்தது

காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவிக்கு முழுப்பக்கக் காணிக்கை ஓவியம் ஒன்று வரையப்போவதாகச் சொல்லி, சில முன்வரைவுகளை முன்பு இங்கே காட்டியிருந்தேன். பலரும் கேட்டது மாயாவி பாய்ந்துவரும் காட்சியை. நான் எடுத்துக்கொண்டது, மழை இரவில் மின்கம்பியைப் பற்றும் கையை. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து எஃகுக் கை மட்டும் தெரியும் அந்த நொடியில்தான் மொத்த மாயாவியும் இருக்கிறார்.

ஆனால், தெரியாத உடலை எப்படி வரைவது? புள்ளிக்கோடு போட மனம் ஒப்பவில்லை. பின்னணியின் மழைக் கோடுகளைத் தலையும் தோளும் இருக்க வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டேன். அந்த வெற்றிடமே ஆளாகிவிட்டது!

நேரத்தை விழுங்கியது கைதான். 1962இல் வாலியண்ட் என்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் இதழில் தொடங்கிய இத்தொடருக்கு ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ தந்த ஒளியையும் நிழலையும் பார்த்துப் பார்த்துக் கற்றேன். உலோகத்துக்குச் சாம்பல் நிறம் தேவையே இல்லை. அடர்கறுப்பை ஒட்டித் தாளின் வெண்மை நின்றால் பளபளப்பு தானாக வரும். விரல் கணுக்கள்தோறும் மெல்லிய வெள்ளைக் கீற்றை விட்டு, மீதியைத் தூரிகையால் நிரப்பினேன்.

அடிக்கோடுகள் வெளிர்நீலப் பென்சிலில் போட்டவை. 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து நீலத்தை மட்டும் நீக்கினால் போதும், அழிப்பான் மையைத் தொடாது.

வண்ணம் உண்டா என்று கேட்டவர்களுக்கு: கிடையாது. மாயாவி கறுப்பு வெள்ளையில் பிறந்தவர், இதிலும் அப்படியே இருப்பார்.