மறுமொழி: கலைச்சொல் – ‘உபரிக் கொள்ளளவு’க்குப் பதிலாக ‘வளர்ச்சி ஒதுக்கு’

குழும நண்பர்களுக்கு, ரங்கூனிலிருந்து வணக்கம்.

நகரக் கழிவுநீர்த் திட்டமிடல் சொற்பட்டியலில் ஒரே ஒரு சொல்லில் இழுபறி நீள்கிறது. ஊர் நாளைக்குப் பெருகும் என்று கணக்குப் போட்டு, இன்றைய தேவைக்கு மேல் குழாயில் கூட்டி வைக்கிறோமே, அந்தப் பகுதிக்குத் தமிழில் என்ன பெயர்? இதுவரை வந்தவை உபரிக் கொள்ளளவு, மிகைத் திறன், எதிர்காலக் கொள்ளளவு. மூன்றுமே எனக்குச் சரிப்படவில்லை; ‘வளர்ச்சி ஒதுக்கு’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. முதலில் ‘கொள்ளளவு’ ஏன் பொருந்தாது என்று பார்ப்போம், பிறகு ‘உபரி’. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல் கோணினால் பின்னால் வரும் கணக்கும் கோணும்.

> ஏரிக்கும் அணைக்கும் கொள்ளளவு என்கிறோம். குழாய்க்கு மட்டும் எதற்கு வேறு சொல்?

ஏரி தண்ணீரைத் தேக்கி வைக்கிறது. அதற்கு எத்தனை கன அடி பிடிக்கும் என்பதுதான் கேள்வி. சாக்கடைக் குழாய் எதையும் தேக்கக் கூடாது. நொடிக்கு எத்தனை லிட்டர் போகும் என்பதே அதன் அளவு. இரண்டும் ஒன்றாகவே கூடிக் குறைந்தால் ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்றிவிடலாம். ஆனால் அப்படி நடப்பதில்லை. 150 மில்லிமீட்டர் குழாயை எடுத்துவிட்டு அதே சரிவில் 300 மில்லிமீட்டர் குழாய் போட்டால், உள்ளே பிடிக்கும் தண்ணீர் நான்கு மடங்கு; ஓடும் தண்ணீரோ ஆறு மடங்குக்கும் மேல். சரிவில் தானாக ஓடும் நீரைக் கணக்கிடும் மேனிங் சூத்திரப்படி ஓட்டம் விட்டத்தின் 8/3 அடுக்கில் ஏறுவதால் வரும் வித்தியாசம் இது.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. இந்திய நடுவண் அரசின் கழிவுநீர்க் கையேடு, இறுதி உச்ச ஓட்டத்தின்போதும் (திட்டக் காலத்தின் கடைசியில், மிக அதிகமாக ஓடும் நேரத்திலும்) குழாய் தன் விட்டத்தில் 0.8 பங்கு ஆழத்துக்கு மேல் நிரம்பக் கூடாது என்கிறது. மேலே விடும் இடம் காற்றோட்டத்துக்கு. ‘கொள்ளளவு’ என்றே படித்துப் பழகிய கண், அந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் ஐந்தில் ஒரு பங்கு காலியாகத்தானே இருக்கிறது, நாளைக்கு ஆகும் என்று நினைக்கும். ஆகாது. 0.8 ஆழத்தில் குறுக்குவெட்டுப் பரப்பில் 86 விழுக்காடுதான் நிரம்பியிருக்கும். ஆனால் முழுக் குழாயில் ஓடக்கூடிய அளவில் கிட்டத்தட்ட 98 விழுக்காடு அப்போதே ஓடிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியும் காலி இடமும் கணக்கில் மிஞ்சும் ஓட்டமும் ஒன்றல்ல. மாணவர் ஒருவர் நம் பட்டியலைப் பார்த்துப் படித்தால், இந்த வேறுபாட்டைச் சொல்லே அவருக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

அதனால் குழாய்க்கு ‘வடிதிறன்’ என்று முன்மொழிகிறேன். வடிகால், வடிநிலம், வடிநீர் என்று அந்த வேர் இந்தத் துறையில் ஏற்கெனவே ஊன்றி நிற்கிறது. ‘கடத்துதிறன்’ என்று கோவை ஐயா எழுதியிருந்தார்; அதை மின்சாரமும் வெப்பமும் எடுத்துக்கொண்டுவிட்டன. வடிகட்டும் திறன் என்று யாராவது படிக்கமாட்டார்களா என்றும் ஒரு கேள்வி வந்தது. குழாய், ஓட்டம், சரிவு என்று சுற்றிலும் சொற்கள் நிற்கும் இடத்தில் அந்தக் குழப்பம் வராது.

எங்கள் ஊரிலிருந்தே ஒன்று சொல்கிறேன். ரங்கூன் நடு நகரத்துச் சாக்கடை 1880களின் கடைசியில் ஆங்கிலேயர் போட்டது, ஐசக் ஷோன் என்பவரின் முறையில். நிலம் தட்டை, பக்கத்திலேயே அலையேறி இறங்கும் ஆறு. சரிவை மட்டும் நம்பிக் கழிவுநீரை வெகுதூரம் ஓட்ட முடியாது. எனவே தெருவுக்கு அடியில் இரும்புக் கலன்களை வைத்தார்கள். வீட்டுக் குழாய்களிலிருந்து கழிவுநீர் தானாக இறங்கிக் கலனை நிரப்பும். நிரம்பியதும் உள்ளே இருக்கும் மிதவை எழுந்து காற்றுக் குழாயின் வால்வைத் திறக்கும். அழுத்தக் காற்று புகுந்து, உள்ளே இருப்பதை ஒரே மூச்சில் அடுத்த குழாய்க்குத் தள்ளிவிடும். காற்று வெளியேறும், கலன் மறுபடி நிரம்பத் தொடங்கும்.

இந்த ஒரு கலனில் இரண்டு அளவுகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் கவனியுங்கள். அதில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பது கொள்ளளவு; அது கலனைச் செய்த அன்றே முடிவாகிவிட்டது. மணிக்கு எத்தனை முறை நிரம்பித் தள்ள முடியும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் வருவது வடிதிறன். தெருவில் குடித்தனங்கள் கூடும்போது கலன் பெரிதாவதில்லை, எத்தனை தடவை தள்ளுகிறது என்பதுதான் கூடுகிறது. அடுத்தடுத்து இடைவெளியே இல்லாமல் தள்ள வேண்டிவரும் நாளில், நாளைக்கென்று வைத்தது தீர்ந்துவிட்டது என்று பொருள். இரண்டுக்கும் ‘கொள்ளளவு’ என்றே எழுதினால் இந்தப் பத்தியையே என்னால் தமிழில் எழுதியிருக்க முடியாது.

அந்த அமைப்பு 40,000 பேருக்கென்று திட்டமிட்டது. 1891 கணக்கெடுப்பிலேயே ஊரில் சுமார் 1,80,000 பேர். லத்தா, லான்மடோ, பபெடான், சௌக்டடா, பசுண்டாங், பொட்டத்தாங் ஆகிய ஆறு நகரியங்கள் இன்றும் அந்தப் பழைய அமைப்பில்தான் இருக்கின்றன. பொட்டத்தாங்கில் நாளொன்றுக்கு 14,775 கன மீட்டர் சுத்திகரிக்கும் நிலையம் வந்தது 2005இல்தான். அதுவரை எல்லாம் நேராக ஆற்றுக்கே போனது. 2014இல் மாநகரத்தின் மக்கள் தொகை 50 லட்சத்தைத் தாண்டியிருந்தது. நடு நகரத்துக்கு வெளியே பெரும்பாலும் செப்டிக் டேங்க்தான்.

இப்போது ‘உபரி’க்கு வருகிறேன். என் முக்கியமான மறுப்பு இதுதான்.

> இன்றைய தேவை போக மிஞ்சுவது உபரிதானே? எளிமையான சொல், எல்லாருக்கும் புரியும்.

எல்லாருக்கும் புரியும், தப்பாகப் புரியும். உபரி என்றால் தேவைக்கு மேல் மிஞ்சியது. கேட்டவருக்குக் கொடுக்கலாம், விற்கலாம், தூக்கியும் போடலாம். நாம் பேசும் பகுதி அப்படிப்பட்டதல்ல. அது இன்னும் வந்து சேராத மக்களுக்காகப் பிரித்து வைத்தது. களத்தில் விதைநெல்லைத் தனியாகக் கட்டி வைக்கும் விவசாயி அதை உபரி நெல் என்று சொல்லமாட்டார். தஞ்சாவூரிலும் சொல்லமாட்டார், ரங்கூனுக்கு அக்கரையில் உள்ள தன்லியின் ஊர்ப் பக்கம் நெல் போடும் நம் ஆட்களும் சொல்லமாட்டார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கொன்சேடான் தெருக் காளியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களைப் போல ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். (கோயில் 1871இல் எழுந்தது; சாக்கடையைவிட மூத்தது.) மொத்தம் 40 மனை. மனைக்கு மூன்று மாடி, மாடிக்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஐந்து பேர் என்றால் 600 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 விழுக்காடு சாக்கடைக்கு வரும் என்று கொண்டால் சராசரி ஓட்டம் நொடிக்கு 0.75 லிட்டர். காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் புழங்குவதால் உச்சத்துக்கு மூன்று மடங்கு வைக்கிறோம்: 2.25 லிட்டர். இப்போது அதே மனைகளில் பழைய வீட்டை இடித்துவிட்டு எட்டு மாடி எழுப்புகிறார்கள். 1,600 பேர். சராசரி 2 லிட்டர், உச்சம் 6 லிட்டர். தெருவின் அகலமும் பின்சந்தும் மாறவில்லை, மண்ணுக்குள் இருக்கும் குழாயும் மாறவில்லை.

அந்தக் குழாயில் 6 லிட்டருக்கு இடம் வைத்திருந்தால் நல்லது. ஆனால் முதல் பத்து மனைக்காரர்கள் எட்டு மாடிக்குப் பதில் பன்னிரண்டு மாடி கட்டி இணைப்புக் கேட்கும்போது, கோப்பில் ‘உபரி’ என்று எழுதியிருந்தால் யார் மறுப்பார்கள்? இருக்கிறது, கொடு என்றுதான் ஆகும். மீதி முப்பது மனைக்கு உரியதில் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடும். அப்புறம் மழைக்காலம். இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை, பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள். மண் ஊறி, பழைய குழாயின் இணைப்புகள் வழியாக நிலத்தடி நீரும் உள்ளே கசியும். ஏற்கெனவே நிறைந்து ஓடும் குழாயில் அது சேரும்போது முதலில் தெரிவது கீழ்த்தளத்துக் கழிப்பறையில். வாளியோடு ஊற்றினாலும் இறங்காது. பீங்கானின் விளிம்பு வரை ஏறி அப்படியே நிற்கும், குமிழி மட்டும் வரும். மேல்மாடியில் ஒருவர் ஊற்றினால் கீழே இன்னும் ஒரு விரல் ஏறும். கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் சின்னக் கடை வைத்திருப்பவர்களும் படியேற முடியாத முதியவர்களும். அவர்களுக்கு இது வெறும் சொல் பிரச்சினை அல்ல.

எனவே ‘வளர்ச்சி ஒதுக்கு’. இன்னாருக்காக, இன்ன பகுதிக்காக, இன்ன ஆண்டு வரைக்கும் ஒதுக்கியது என்று சொல்லே கேட்கவைக்கும். ‘ஒதுக்கீடு’ வேண்டாம் என்று நினைக்கிறேன். இட ஒதுக்கீடு, நிதி ஒதுக்கீடு என்று அதற்கு வேறு வாழ்க்கை அமைந்துவிட்டது. ‘வளரொதுக்கு’ என்று ஒட்டி எழுதலாம் என்று சென்னை அண்ணன் சொன்னது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வரைபடத்தில் படிக்கும் மேஸ்திரிக்கு இரண்டு சொல்லாக இருப்பதே வசதி.

> அப்படியானால் ஒதுக்கை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக வைத்துவிடலாமே?

கூடாது. குழாய் ரொம்பப் பெரிதாக இருந்தால் இன்றைக்கு ஓடும் கொஞ்சத் தண்ணீர் அடியில் மெல்ல ஊர்ந்து போகும். மணலும் மலமும் படியும். படிந்தது அழுகி ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும், அது மேல்சுவரில் அமிலமாகிக் கான்கிரீட்டைத் தின்னும். அதனால்தான் அந்தக் கையேடு தொடக்க கால உச்ச ஓட்டத்திலேயே நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும் என்கிறது, இறுதிக் கால உச்சத்துக்கு 0.8 மீட்டர். இதற்குப் பட்டியலில் ‘தற்சுத்திகரிப்புத் திசைவேகம்’ என்று இருக்கிறது. நாக்கு சுளுக்கும் சொல். ‘படியாவேகம்’ என்று மாற்றலாம். வளர்ச்சி ஒதுக்கு மேலே இழுக்கும், படியாவேகம் கீழே இழுக்கும். குழாயின் விட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் முடிவாகிறது. பட்டியலில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் நல்லது.

பட்டியலில் உள்ள வேறு இரண்டு சொற்களையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘வடிவமைப்புக் காலம்’ என்றால் வரைபடம் போட ஆகும் காலம் என்றுதான் படிக்கத் தோன்றுகிறது. குழாய் எந்த ஆண்டின் மக்களுக்குப் போதுமானதாக இருக்க வேண்டுமோ அந்த ஆண்டை ‘இலக்காண்டு’ என்று சொல்லிவிடலாம். இன்று போட்டு முப்பது ஆண்டு தள்ளிக் கணக்கிட்டால் இலக்காண்டு இன்னது என்று ஒரே எண்ணில் முடிந்துவிடும். உச்ச ஓட்டம் சராசரியைப் போல் எத்தனை மடங்கு என்பதைச் சொல்லும் ‘உச்சக் காரணி’க்கு ‘உச்சமடங்கு’ போதும். ‘உச்சமடங்கு 3’ என்றால் விளக்கமே வேண்டாம்.

ஷோன் முறையின் அந்த இரும்புக் கலனுக்கு நான் மனத்துக்குள் ‘தள்ளுகலன்’ என்று வைத்திருக்கிறேன். அது தள்ளிவிடும் குழாய்க்குப் பட்டியலில் உள்ள ‘அழுத்தக் குழாய்’ குடிநீர்ப் பகுதியில் வேறு பொருளில் ஏற்கெனவே வந்திருக்கிறது. ‘ஏற்றுக்குழாய்’ சரிவருமா, இல்லை ‘தள்ளுகுழாய்’ என்றே ஜோடியாக வைத்துவிடலாமா? பட்டியலைப் பூட்டும் முன் நீரேற்று நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் யாராவது எழுதுங்கள்.