படிக்கிணற்றில் இறங்கியவர்கள் சொல்லுங்கள், எது இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை?

தென்காற்று

ராணி கி வாவ் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், குஜராத்தில் பாடண் ஊரில் இருக்கும் படிக்கிணறு, நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருப்பது. அதனால் பாடண் எப்படிப் போனோம், எங்கே தங்கினோம் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு விஷயம் ஆறு மாதமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கிழக்கிலிருந்து படி இறங்கினால் நேர் எதிரே மேற்குக் கோடியில் கிணறு. இரண்டு பக்கச் சுவர்களிலும் வராகர், நரசிம்மர், வாமனர் என்று வரிசையாகச் சிற்பங்கள். நான் கேமராவும் கையுமாக முன்னால் போய்விட்டேன். பாதி வழியில் அம்மா நின்றுவிட்டாள். மூட்டு வலி என்று நினைத்துத் திரும்பினால், தூணைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கிணற்றுச் சுவரில் பாம்பணையில் படுத்திருக்கும் பெருமாள் அவள் கண்ணில் பட்டுவிட்டார். "ரங்கநாதர்டா" என்றாள்.

ஏப்ரல் வெயில், கல் கொதித்தது. "அம்மா, இது கோயில் இல்லை, கிணறு. செருப்பைப் போடு" என்று எரிச்சலாகவே சொன்னேன். பக்கத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பதில் பேசவில்லை. இரண்டு செருப்பையும் இடது கையில் சேர்த்துப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் வைத்து, எதுவரை விடுகிறார்களோ அதுவரை இறங்கினாள்.

ஊருக்கு வந்த பிறகுதான் படித்தேன். முதலாம் பீமதேவன் நினைவாக அவன் ராணி உதயமதி 11ஆம் நூற்றாண்டில் கட்டியது இது. தண்ணீரின் புனிதத்தைக் காட்டத் தலைகீழாக எழுப்பிய கோயில் என்றுதான் யுனெஸ்கோவே சொல்கிறது, 2014இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது. ஏழு தளமும் கீழ்நோக்கி. கருவறை இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர். நீ சொன்னதுதான் சரி என்று அம்மாவிடம் இன்னும் நான் சொல்லவில்லை.

நடைவண்டி

உங்கள் அம்மா பாதி தூரமாவது இறங்கினார்களே. ராஜஸ்தானில் ஆபாநேரி சாந்த் பாவ்ரி படிக்கிணற்றில் எங்களை ஒரு படிகூட இறங்க விடவில்லை. சுற்றிலும் கம்பி. 13 அடுக்கு, 3,500 படி என்கிறார்கள், எல்லாவற்றையும் மேலே நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

ஆனால் ஒரு நாய் இறங்கியது. சாம்பல் நிற நாட்டு நாய். கம்பிக்கு அடியில் நுழைந்து, ஒரு சின்னப் படிவரிசையில் இடது பக்கமாக இறங்கி, விளிம்பில் நாலடி நடந்து, அடுத்ததில் வலது பக்கமாக இறங்கி, மறுபடி இடது. அவசரமே இல்லாமல். அதுவரை எனக்கு அது ஒரு பெரிய கோலம் போலத்தான் தெரிந்தது, எல்லாப் புகைப்படத்திலும் தெரிகிற மாதிரி. நாய் நடந்த பிறகுதான் அது படி என்று கண்ணுக்கே புரிந்தது. நேராக இறங்கினால் சரிவு தலை சுற்ற வைக்கும். இப்படிப் பக்கவாட்டில் போனால் இடுப்பில் குடத்தோடும் ஏறலாம். தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றாலும், எந்த மூலையிலிருந்து வந்தாலும் அதைத் தொட ஒரு வழி இருக்கும். கீழே பாசி படிந்த தண்ணீரை நக்கிக் குடித்துவிட்டு, வேறு வழியாக ஏறி வந்து வெயிலில் படுத்துக்கொண்டது.

அந்தக் கம்பியை எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. கால் படாத படி எதற்கு? ஆயிரம் வருடம் ஊரே இறங்கிக் குடித்த தண்ணீர். வெள்ளைக்காரன் வந்து அசுத்தம் என்று சொன்ன நாளிலிருந்துதான் இந்தக் கிணறுகள் செத்தன.

மேற்குவாசல்

நடைவண்டி, கடைசி வரியை ஒப்புக்கொள்ள முடியாது. நரம்புச்சிலந்தி நோயைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? காலில் கொப்புளம் வெடித்துப் புழு வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் அந்தக் காலோடு தண்ணீரில் இறங்குவார்கள், புழு அங்கே குஞ்சுகளை விடும், நீர்த்தெள்ளு அதைத் தின்னும், அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு அடுத்த வருடம் அதே கொப்புளம். இறங்கி மொள்ளுகிற கிணறுதான் இதற்குத் தோதான இடம். ராஜஸ்தானில் படிக்கிணறுகளை இறைகிணறுகளாக மாற்றியதும், தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொல்லிக்கொடுத்ததும் சுதந்திரத்துக்குப் பிறகு நம் ஆட்கள் செய்த வேலை. அப்படித்தான் 2000ஆம் ஆண்டில் இந்தியா இந்த நோயிலிருந்து விடுபட்ட நாடு என்ற சான்று கிடைத்தது. மூடியவர்கள் எல்லோரும் கிணற்றுக்கு எதிரிகள் இல்லை.

என் அனுபவம் சின்னது. ராஜஸ்தானில் பூந்தி என்ற ஊருக்கு வெளியே பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு பாவ்ரி. புறா எச்சத்தில் வழுக்கி உட்கார்ந்தவன் எழுந்திருக்க விளிம்புக் கல்லைப் பிடித்தேன். விரல் ஒரு பள்ளத்தில் போய் விழுந்தது. கயிறு அறுத்த தடம். என் சுண்டுவிரல் முழுசாக உள்ளே போனது. பக்கத்தில் இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று. நூலால் திரித்த கயிறு கல்லை இவ்வளவு ஆழம் அறுக்க எத்தனை பேர் இழுத்திருக்க வேண்டும்? அவ்வளவுதான்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிமானம் உள்ள ஷூ போடுங்கள். டார்ச் அவசியம், கீழ்த் தளங்களில் வௌவால் இருக்கும், கத்தாதீர்கள். அகமதாபாத் பக்கத்து அடாலஜ் படிக்கிணற்றுக்குப் போவதாக இருந்தால் வெயில் உச்சியில் இருக்கும்போது போங்கள். மேலே தகிக்கும், ஒவ்வொரு தளம் இறங்கும்போதும் காற்று குளிர்வது தோலுக்கே தெரியும், ஐந்து தளம் எதற்கு என்று அப்போதுதான் புரியும். அங்கே முதல் தளத்தில் 1499இல் முடித்ததைச் சொல்லும் சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது, பலர் பார்க்காமலே போகிறார்கள். பாடண் போகிறவர்கள் வழியில் மொதேராவை விடாதீர்கள். சூரியன் கோயிலுக்கு முன்னால் இருக்கும் குளத்தில் படிகளுக்கு நடுவே 108 சிறு சன்னதிகள். அப்புறம், தயவுசெய்து காசு போடாதீர்கள். தண்ணீர் பாட்டிலும்.

காஞ்சிக்காரன்

எல்லோரும் வடக்கே போய்விட்டீர்கள். காஞ்சிபுரம் பக்கத்தில் ஐயங்கார்குளத்தில் நடவாவிக் கிணறு இருக்கிறதே! நட, வாவி. குஜராத்தியில் வாவ் என்பதும் நம் வாவியும் ஒரே சொல்தான். மட்டக்களப்பு வாவி என்கிறோமே, அதே வாவி.

வருடம் முழுக்கத் தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும் மண்டபம் அது. சித்ரா பௌர்ணமிக்குத் தண்ணீரை இறைத்துவிட்டு வரதராஜப் பெருமாளைப் படி வழியாகக் கீழே எழுந்தருளச் செய்வார்கள். நான் போன வருடம் கூட்டம் நெருக்கித் தள்ளி ஒரு தூணோடு ஒட்டிவிட்டது. சட்டை முதுகு முழுக்க நனைந்துவிட்டது. கல் இன்னும் நீரை விட்டுக்கொண்டே இருந்தது. பாசி வாசனையும் கற்பூர வாசனையும் ஒன்றாக வந்தன. தீபம் காட்டியபோது தூண் சிற்பத்தின் முகத்தில் தண்ணீர் வழிந்ததைக் கண்ணெதிரே பார்த்தேன். இவ்வளவு நாள் தண்ணீருக்குள் இருந்துவிட்டு இன்றைக்குத்தான் மூச்சு விடுகிறது என்று தோன்றியது. அந்தச் சட்டையைத் துவைக்க மனமில்லாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன்.

கேணிக்கரை

திருச்சி பக்கத்துத் திருவெள்ளறையை யாரும் சொல்லவில்லையே. தந்திவர்ம பல்லவன் காலத்தில் கம்பன் அரையன் எடுத்த மாற்பிடுகு பெருங்கிணறு. நாலு பக்கமும் வளைந்து இறங்கும் படி, ஒரு துறையில் இருப்பவர் அடுத்த துறையில் இருப்பவருக்குத் தெரியமாட்டார். நான் போனபோது கீழே குப்பை மிதந்தது. மேலே கல்வெட்டில் ஒரு தமிழ்ப் பாட்டு: மூப்பு வந்து தளர்த்துவதற்கு முன்னால், உண்டது போக மிச்சத்தை உலகம் அறிய வைத்துவிடு என்கிற பொருளில். அதைப் படித்துவிட்டுக் கீழே எட்டிப் பார்க்கவே முடியவில்லை. கூட வந்த அண்ணனும் நானும் கையெட்டும் தூரத்தில் இருந்த பைகளை மட்டும் எடுத்துப் போட்டோம்.

தென்காற்று

காஞ்சிக்காரன், நேற்று நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்படியே பாடண் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். "எனக்கு அங்கேயே தெரியும்" என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. இன்று காலையில் காலண்டரை எடுத்துச் சித்ரா பௌர்ணமி என்றைக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நடவாவியில் மொத்தம் எத்தனை படி? ஒவ்வொரு படியும் எவ்வளவு உயரம்? மூட்டு வலிக்காரர் அந்தக் கூட்டத்தில் இறங்கி ஏற முடியுமா?