பேறுகால உதவித் திட்டத்தில் பெயர் இருக்கும் முத்துலட்சுமி ரெட்டி யார்?

மன்னார்குடிக்காரன் கேட்டது:

வீட்டில் மனைவிக்கு நான்காவது மாதம். போன வாரம் பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும் எண்) வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். சுவரில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் என்று பெரிதாக எழுதியிருந்தது. 18,000 ரூபாய், அதில் 14,000 பணமாக, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக என்று நர்சம்மா எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லிவிட்டார். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது மனைவி கேட்டாள், "யாருங்க இந்தம்மா?" டாக்டர் என்றேன். "அது போர்டுலயே இருக்கே" என்றாள். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து தேடினால் வாட்ஸப் பாணிக் கட்டுரைகள்தான் கிடைக்கின்றன. இந்தியாவின் முதல் பெண் டாக்டர், முதல் பெண் எம்எல்ஏ, முதல் அது, முதல் இது. தேவதாசி முறையை ஒழித்தவர் என்கிறார்கள், ஆனால் சட்டம் வந்தது 1947 என்றும் அவர் சட்டசபையில் இருந்தது 1930 வரைதான் என்றும் அதே கட்டுரையில் போட்டிருக்கிறது. அப்படியென்றால் ஒழித்தது யார்? ரெட்டி என்பதால் ஆந்திராக்காரரா? அரசியல்வாதியா, டாக்டரா, சமூக சேவகியா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள். பட்டியல் மட்டும் வேண்டாம்.

புதுக்கோட்டை வாசகர்:

தம்பி, அவர் எங்கள் ஊர். 1886 ஜூலை 30, புதுக்கோட்டை சமஸ்தானம். ரெட்டி என்பது கணவர் டாக்டர் சுந்தர ரெட்டியின் பெயரிலிருந்து வந்தது. அப்பா நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அப்பாவின் ஜாதிக்காரர்கள் ஒட்டவில்லை, அம்மா வழி வீட்டில் என்ன நடக்கும் என்பது சின்ன வயதிலிருந்தே தெரியும். பின்னால் சட்டசபையில் எழுந்து நின்று பேசிய ஆள் இந்த வீட்டிலிருந்து வந்தவர் என்பதை மறந்துவிட்டுப் படித்தால் அவர் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்பது புரியாது.

பள்ளி முடித்துக் கல்லூரிக்கு மனு போட்டபோது பெண் என்று ஓர் எதிர்ப்பு, தாசி மகள் என்று இன்னொரு எதிர்ப்பு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதையெல்லாம் தள்ளிவிட்டு இடம் கொடுத்தார். பிறகு 1907ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912ல் பட்டம்.

இந்த 'முதல்' விஷயத்தில் நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான். இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் அவர் இல்லை. ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்கூலியும் மருத்துவம் படித்து முடித்தது 1886ல், அதாவது இவர் பிறந்த வருடத்தில்! சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே 1875ல் பெண்களைச் சேர்த்துவிட்டார்கள். இப்படிப் பொய்யாக ஒரு கிரீடம் வைத்தால், யாராவது ஒருவர் அதைத் தட்டிவிட்டு 'பார், எல்லாமே கதை' என்று சொல்ல வழி செய்து கொடுக்கிறோம். உண்மையாகச் செய்ததே ஏராளம்.

கல்யாணம் 1914ல். என்னைச் சமமாக நடத்த வேண்டும், என் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டு, அதற்கு அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் திருமணம். 1914ல்! இன்றைக்கு ஒரு பெண் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

டூரிங் டாக்கீஸ்:

இடையில் ஒரு துணுக்கு. நடிகர் ஜெமினி கணேசனுக்கு இவர் அத்தை முறை. நாராயணசாமி அய்யர் அவருக்குத் தாத்தா. சரி, நீங்கள் தொடருங்கள்.

பழைய கெஜட் பிரியன்:

மன்னார்குடிக்காரன் கேட்டதில் நல்ல கேள்வி '1930ல் வெளியே வந்தவர் 1947 சட்டத்துக்கு எப்படிக் காரணம்' என்பதுதான், அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டு 1921ல் கிடைத்தது, சட்டசபைக்குள் போகும் உரிமை 1926ல்தான் வந்தது. அந்தத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய் நின்று சொற்ப ஓட்டில் தோற்றார். அடையாறில் இயங்கிய இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமி பெயரைச் சொல்ல, அரசு அவரை நியமன உறுப்பினராக்கியது. தேர்தலில் ஜெயித்து வந்தவர் இல்லை, எந்தக் கட்சிக் கொறடாவுக்கும் கட்டுப்பட்டவரும் இல்லை. உள்ளே போனதும் சபையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினர் என்று சொல்லலாம், 'பிரிட்டிஷ் இந்தியா' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் சமஸ்தானங்கள் தனி.

1927ல் கோயிலுக்குப் பெண் குழந்தைகளைப் பொட்டுக்கட்டி விடுவதை, அதாவது சாமிக்கு மனைவியாகத் தாலி கட்டித் தேவதாசியாக்குவதை, நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார், நிறைவேறியது. தீர்மானம் என்பது வேண்டுகோள்தான், சட்டம் அல்ல. இங்கேதான் அந்த அம்மாவின் சாமர்த்தியம். முழுச் சட்டம் உடனே வராது என்று தெரிந்ததும் அவர் நிலத்துக்குப் போனார்.

பொட்டுக்கட்டு ஏன் தலைமுறை தலைமுறையாக நடந்தது? பக்தியும் வழக்கமும் ஒரு பக்கம், மானிய நிலம் இன்னொரு பக்கம். கோயில் பணிக்கு ஈடாகத் தாசிக் குடும்பத்துக்கு இனாம் நிலம். பணி செய்ய ஆள் இருக்கும் வரைதான் நிலம் அவர்கள் கையில். அம்மாவுக்கு வயதானால் அடுத்த பெண்ணுக்குப் பொட்டுக்கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் சோறு போடும் வயல் போய்விடும். வெளியேற நினைத்தவளுக்கும் இதுதான் கால்கட்டு. 1929ல் இந்து அறநிலையச் சட்டத்தில் அவர் கொண்டுவந்த திருத்தம் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது. நிலத்தைப் பணியிலிருந்து பிரித்து, கோயிலுக்கு ஒரு சிறு வரி கட்டினால் போதும், நிலம் அவளுடையது என்று ஆக்கினார்கள். அவரைப் பற்றிய பாராட்டுரைகளில் இதை யாரும் சொல்வதே இல்லை. மேடையில் சொன்னால் கைத்தட்டு வாங்காத விஷயம், ஆனால் என்னைக் கேட்டால் அவர் செய்ததிலேயே கூர்மையான வேலை இதுதான்.

பொட்டுக்கட்டையே குற்றமாக்கும் மசோதாவை 1930ல் வைத்தார். அதே வருடம் உப்பு சத்தியாகிரகத்தில் காந்தியைக் கைது செய்ததும் பதவியை ராஜினாமா செய்துவிட்டார். மசோதா அப்படியே கிடந்தது. பெரியார் ஆதரித்து எழுதினார், காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றவர்கள் எதிர்த்தார்கள். 1937ல் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தும் சட்டம் வரவில்லை. கடைசியில் ஓமந்தூரார் ஆட்சியில் 1947ல் வந்தது. 17 வருடம்! இந்த இடைவெளியில் பொட்டுக்கட்டிக்கொண்ட குழந்தைகளை யார் கணக்கெடுத்தார்கள்?

அந்த ராஜினாமாவைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் தியாகம் என்று புகழ்வார்கள். எனக்கு அது பெரிய நஷ்டமாகத்தான் படுகிறது. உள்ளே இருந்திருந்தால் மசோதாவை இழுத்துக்கொண்டு போயிருப்பார்.

சதிர் ரசிகை:

நிலத் திருத்தம் பற்றி எழுதியதற்கு நன்றி அண்ணா, ஆனால் ஒரு தரப்பை முழுசாக விட்டுவிட்டீர்கள். இந்தச் சட்டம் எந்தப் பெண்களுக்காகக் கொண்டுவரப்பட்டதோ அந்தப் பெண்களே சங்கமாகக் கூடி எதிர்த்து மனு கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் எதிர்த்தவர்களில் ஒருவர். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் சொத்தைக் கொட்டிக் கோயில் எழுப்பியவர் அவர். சமஸ்கிருதமும் தெலுங்கும் கற்ற, சொந்தமாகச் சம்பாதித்த பெண்கள் இவர்கள். எங்களை எல்லாம் ஒரே வார்த்தையில் விபசாரி என்று எழுதிவிடாதீர்கள் என்பதுதான் அவர்களுடைய வாதம். அதற்கு முத்துலட்சுமி கடைசி வரை சரியாகக் காது கொடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

1932ல் பத்திரிகையில் அவருக்கும் வக்கீல் ஈ. கிருஷ்ணய்யருக்கும் நடந்த கடிதச் சண்டையையும் சேர்த்துப் பாருங்கள். ஆட்டத்தையே மேடையில் ஏற்றாதீர்கள் என்றார் இவர், கலையை ஏன் கொல்கிறீர்கள் என்றார் அவர். ஆட்டம் சாகவில்லை. சதிர் என்ற பெயர் போய் பரதநாட்டியம் என்ற பெயர் வந்தது, 1935ல் ருக்மிணி தேவி அடையாறில் ஆடினார், அடுத்த வருடம் கலாக்ஷேத்ரா. நல்ல குடும்பத்துப் பெண்கள் கற்றுக்கொள்ள வந்தார்கள். யாருடைய பாட்டி இதைக் காப்பாற்றி வைத்திருந்தாளோ அவளுடைய பேத்திக்கு அந்த மேடையில் இடமில்லை. அந்த மரபில் வந்த பாலசரஸ்வதி மாதிரி ஒருவர் இருவர்தான் தாக்குப்பிடித்தார்கள். 1947 சட்டத்தில் பொட்டுக்கட்டோடு, கோயில் வளாகத்தில் பெண்கள் ஆடுவதும் கும்ப ஆரத்தி எடுப்பதும்கூடத் தடைதான்.

நிலமும் அப்படித்தான். அந்த மரபில் சொத்து பெண் வழியாக இறங்கியது, பெண் பிறந்தால் கொண்டாட்டம். பணி போய் நிலம் சாதாரணச் சொத்தான பிறகு அண்ணன் தம்பிகள் கைக்குப் போனதுதான் நிறைய.

பழைய கெஜட் பிரியன்:

சதிர் ரசிகைக்கு: ஆட்டத்தைப் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், அந்தக் கடிதங்களில் அவர் பேசிய தொனி எனக்கும் பிடிக்காது. ஆனால் நாகரத்தினம்மாள் மாதிரி வீணையும் வீடும் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? ஒரு சின்ன ஊர்க் கோயிலில் எட்டு வயதில் பொட்டுக்கட்டி, வயதுக்கு வந்ததும் அந்த ஊர் மிராசுதாரிடம் அனுப்பப்பட்ட பிள்ளை மனு எழுதவில்லை, எழுதத் தெரியாது. முத்துலட்சுமி கண்ணில் அந்தப் பிள்ளைதான் நின்றாள். உள்ளிருந்தே எதிர்த்தவர்களும் உண்டு. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அதே மரபில் வளர்ந்தவர், ஊர் ஊராகப் போய் இதற்கு எதிராகப் பேசினார், 1936ல் 'தாசிகள் மோசவலை' என்று நாவலே எழுதினார். அவர் பெயரிலும் ஓர் அரசுத் திட்டம் இருந்தது, திருமண உதவித் திட்டம், இப்போது அது புதுமைப் பெண் ஆகிவிட்டது.

சதிர் ரசிகை:

அந்தப் பிள்ளையைப் பற்றி மறுப்பில்லை. அவளைக் காப்பாற்ற அவளுடைய பெரியம்மாவின் சலங்கையையும் பிடுங்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. இது இந்தத் திரியில் தீராது, விடுங்கள்.

அடையாறு அக்கா:

சட்டசபையை விட்டு வந்த பிறகு என்ன செய்தார் என்று யாரும் எழுதவில்லையே. பொட்டுக்கட்டிலிருந்து தப்பி வந்த சில சிறுமிகள் 1930ல் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஹாஸ்டல்களில் கேட்டுப் பார்த்தார், தாசிக் குடும்பத்துப் பிள்ளைகளா, இடமில்லை என்றார்கள். தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லம், இன்றைக்கும் அடையாறில் இருக்கிறது. சட்டம் வர 17 வருடம் என்றீர்களே, வீட்டுக் கதவைத் திறக்க அவருக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை.

அப்புறம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அவருடைய தங்கை 1923ல் புற்றுநோயில் இறந்தார், பக்கத்திலிருந்து பார்த்த டாக்டருக்கே ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்கு ஒரு தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்ற எண்ணத்தை 30 வருடம் விடாமல் வைத்திருந்து நிதி திரட்டினார். 1952ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1954ல் 12 படுக்கையோடு திறந்தார்கள். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி நடத்தினார், அடுத்த வருடம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்து 2021ல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். என் மாமியாருக்கு அங்கேதான் வைத்தியம் பார்த்தோம். காத்திருக்கும் இடத்தில் பீகார்க்காரர்கள், ஒடிசாக்காரர்கள், நம் கிராமத்து ஆட்கள் என்று பெஞ்சு நிறைய இருப்பார்கள். யார் கட்டியது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. எனக்கும் மாமியார் சொல்லித்தான் தெரியும்.

1956ல் பத்மபூஷண், 1968 ஜூலை 22ல் காலமானார். தம்பி, உங்கள் மனைவியிடம் சொல்ல இது போதுமா? இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடச் சொல்லுங்கள்.

மன்னார்குடிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இரவு சாப்பிட்ட பிறகு மொத்தத்தையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கல்யாண நிபந்தனை வந்த இடத்தில் நிறுத்தி இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள், எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை.

கெஜட் அண்ணாவிடம் இன்னொரு கேள்வி. எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலுக்குப் பின்னால் மூன்று மா அளவில் ஒரு வயல் இருக்கிறது. அப்பா தலைமுறை ஆட்கள் அதைத் தாசி மானியம் என்றுதான் சொல்வார்கள். இப்போது வேறு யாரோ சாகுபடி செய்கிறார்கள். நீங்கள் சொன்ன 1929 சமாசாரத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

பழைய கெஜட் பிரியன்:

இருக்கலாம். ஊர்ப்பேச்சில் பெயர் மட்டும் தங்கிவிட்ட இப்படி வயல்கள் காவிரிப் பக்கம் நிறைய. பழைய இனாம் பதிவேட்டில் யார் பெயரில், எந்தப் பணிக்காகக் கொடுத்தது என்று எழுதியிருக்கும். சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸில் கேளுங்கள், கிடைத்தால் இங்கேயே போடுங்கள். அந்தப் பெண்ணின் பெயர் இருந்தால் அதையும்.