ஏபிஐ தாமதம் சர்வரிலா, மலைமேல் சிக்னலிலா? கிபானாவில் பிரித்தறிவது எப்படி?

கேள்வி (சேலம்):
அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் பறித்த பழத்தை எடைபோட்டதும் கைபேசியிலேயே படத்துடன் பதிவுசெய்யும் செயலி ஒன்றைச் சேலத்திலிருந்து நடத்திவருகிறோம். செயலி ஏபிஐ வழியே சர்வருக்கு அனுப்பும் ஒவ்வோர் அழைப்பையும் வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் லாக்கில் பதிகிறது; அந்த லாக் எலாஸ்டிக்சர்ச் தரவுக் கிடங்கில் சேர்ந்து, அதை வரைபடமாகக் காட்டும் கிபானாவில் தெரிகிறது. மாலையில் எடை போடும் நேரத்தில் செயலி சுற்றிக்கொண்டே நிற்பதாக மேஸ்திரிகள் சொல்கிறார்கள். டாஷ்போர்டிலோ சராசரிப் பதில் நேரம் 300 மில்லிசெகண்டைத் தாண்டுவதே இல்லை. கோளாறு எங்கே என்பதை லாக்கைக் கொண்டே கண்டறிய வழி உண்டா?

மறுமொழி 1:
முதலில் சராசரியை நம்புவதை விட்டுவிடுங்கள். நூறு அழைப்புகளில் தொண்ணூறு 100 மில்லிசெகண்டிலும் பத்து 2 செகண்டிலும் முடிந்தால் சராசரி 290தான் வரும். அந்தப் பத்துப் பேரின் அவதி அதில் மறைந்துபோகும். 95ஆவது பெர்சென்டைலை (நூற்றில் 95 அழைப்புகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்பதை) ஏபிஐ முகவரிவாரியாக வரையுங்கள். அடுத்து, ரிக்வெஸ்ட் டைம், அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம் ஆகிய இரண்டும் என்ஜின்எக்ஸின் வழக்கமான லாக் வடிவத்தில் இருக்காது என்பதால், லாக் ஃபார்மேட்டில் அவற்றை நீங்களே சேர்க்க வேண்டும். முன்னது கைபேசியிலிருந்து முதல் பைட் வந்தது முதல் கணக்கிடப்படுவது; பின்னது உங்கள் நிரல் எடுத்துக்கொண்ட நேரம். இரண்டும் சேர்ந்தே உயர்ந்தால் நிரலைப் பாருங்கள். முன்னது மட்டும் உயர்ந்தால் படம் மேலேறுவதில்தான் தாமதம்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரியே, ஆனால் ஓர் எல்லை உண்டு. சிறிய ஜேசன் (உரைவடிவத் தரவு) பதில் என்றால், சர்வரின் சாக்கெட் பஃபரில் (அனுப்பும் முன் தரவு காத்திருக்கும் நினைவகத்தில்) எழுதி முடித்ததுமே என்ஜின்எக்ஸ் கணக்கை முடித்துவிடும். அது தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த நேரம் அதில் வராது. இணைப்பே கிடைக்காத அழைப்புக்கோ லாக்கில் ஒரு வரிகூட இருக்காது. ஆகவே செயலியே தன் காத்திருப்பு நேரத்தை அளந்து, அடுத்த அழைப்போடு அனுப்புவதுதான் நம்பத்தக்க வழி. அதுவரை ஸ்டேட்டஸ் 499 என்று தேடிப் பாருங்கள். பதில் வருமுன் எதிர்முனை இணைப்பைத் துண்டித்தால் என்ஜின்எக்ஸ் எழுதும் எண் அது. மாலையில் அது கூடினால் மேஸ்திரிகள் சொல்வதற்கு அதுவே சான்று.

மறுமொழி 3:
ஒரு சிறு எச்சரிக்கை: நேரப் புலங்கள் ஸ்டிரிங்காக, அதாவது வெறும் எழுத்தாக, எலாஸ்டிக்சர்ச்சில் சேமிக்கப்பட்டால் பெர்சென்டைல் போட இயலாது, ஃப்ளோட் (தசம எண்) ஆக மேப்பிங் செய்யுங்கள், அதாவது புலத்தின் வகையை வரையறுங்கள். ஆனால் நிரல் வரை போகாத அழைப்புகளில் அப்ஸ்ட்ரீம் நேரத்துக்குப் பதில் வெறும் சிறுகோடு விழும். அதை முன்னரே நீக்காவிட்டால் எலாஸ்டிக்சர்ச் அந்தப் பதிவையே ஏற்காமல் தள்ளிவிடும்.