பெண் அம்பயர், பெண் ரெஃப்ரி: மைதானத்தில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். சென்னை லீக்கில் கீழ் டிவிஷனில் மீடியம் பேஸ் போட்டுக்கொண்டிருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை டாஸுக்கு வந்து நின்றவர் ஒரு பெண் அம்பயர். எங்கள் டீமில் யாரும் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை.

என் இரண்டாவது ஓவரில் பந்து பேடில் பட்டது. எல்பிடபிள்யூ அவுட் கேட்டுத் தொண்டை கிழியக் கத்தினேன். கீப்பர், ஸ்லிப் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். அவர் கை மேலே போகவில்லை. பார்வை மட்டும் பிட்ச்சில் ஓர் இடத்திலேயே நின்றது.

"நாட் அவுட்."

"மேடம், நேரா இருந்துச்சே?"

"லெக் ஸ்டம்புக்கு வெளிய பிட்ச் ஆச்சு தம்பி. அடுத்த பந்து போடுங்க."

குரலில் கோபமும் இல்லை, தயக்கமும் இல்லை. ஓவர் முடிந்து தொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "முன்னங்கால் கோட்டை ஒட்டியே விழுது, பார்த்துக்கோங்க" என்றார். அன்று நான் ஒரு நோ-பால்கூடப் போடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கீப்பரே ஒத்துக்கொண்டான்: "வெளியதான்டா பிட்ச் ஆச்சு."

அதற்கப்புறம்தான் நம்ம ஊர் அம்பயர் ஜனனி நாராயணனைப் பற்றித் தேடிப் படித்தேன். சாஃப்ட்வேர் வேலையில் இருந்தவர். அம்பயர் ஆகணும் என்று மாநிலச் சங்கத்திடம் போய்க் கேட்டபோது பெண்கள் தேர்வு எழுதவே விதி இடம் தரவில்லை. விதி மாறிய பிறகு 2015-இல் எழுதினார். 2018-இல் பிசிசிஐயின் லெவல் 2 அம்பயர் தேர்வில் தேறி, வேலையை விட்டார். 2023 ஜனவரியில் சூரத்தில் ரயில்வேஸ், திரிபுரா ஆண்கள் ரஞ்சி கோப்பை ஆட்டத்தில் அம்பயராக நின்றார். அதே சுற்றில் வேறு இரண்டு ஊர்களில் விருந்தா ராத்தி, காயத்ரி வேணுகோபாலன். ரஞ்சி தொடங்கியது 1934-இல். கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம்! எல்பிடபிள்யூ பார்க்கும் கண் ஆட்டத்துக்கு மேல் ஆட்டம் நின்றால்தான் வரும். அந்த ஆட்டங்களைக் கொடுக்காமலே இத்தனை காலம் "பெண்களால் முடியுமா" என்று கேட்டிருக்கிறோம்.

*

அண்ணா, நான் கால்பந்து. எங்கள் மாவட்டத்தில் ரெஃப்ரி ஆகப் பயிற்சி எடுத்தவள். ஃபிட்னஸ் டெஸ்ட் பற்றி வெளியே நிறைய பேருக்குத் தெரியாது. சர்வதேச அளவில் ஆண்கள் ஆட்டத்துக்கு 40 மீட்டரை 6 நொடிக்குள் ஆறு தடவை ஓடணும். அப்புறம் 75 மீட்டரை 15 நொடியில் ஓடி, 25 மீட்டர் நடந்து, இப்படியே நாற்பது தடவை. பெண் ரெஃப்ரி ஆண்கள் ஆட்டத்துக்குப் போனாலும் இதே கணக்குதான், சலுகை கிடையாது.

நான் முதல் தடவை முப்பதாவது ஓட்டத்தில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்த அக்கா, "திண்டுக்கல் ரூபா தேவி சர்வதேச ரெஃப்ரிக்கான ஃபிஃபா பேட்ஜ் வாங்கியிருக்காங்க, தெரியும்ல? எந்திரி" என்றார். 2022 டிசம்பரில் ஜெர்மனி, கோஸ்டாரிகா ஆண்கள் உலகக் கோப்பை ஆட்டத்துக்கு ஸ்டெஃபனி ஃப்ராப்பார்ட் என்ற பெண் ரெஃப்ரி விசில் ஊதினார். லைனில் உதவி ரெஃப்ரிகளாக நின்ற நூசா பேக், கேரன் டியாஸ் இரண்டு பேரும் பெண்கள். அந்த ராத்திரி நான் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. அந்த மூன்று பேர் எங்கே ஓடுகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்தேன்.

*

நான் ஸ்கோரர். தடை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கழிப்பறை. ஒரு மைதானத்தில் அம்பயர் அறை ஒன்றுதான், தாழ்ப்பாள் கிடையாது. கூட வந்த பெண் அம்பயர் உடை மாற்றும் வரை நான் ஸ்கோர் புத்தகத்தோடு வாசலில் நிற்பேன், பிறகு அவர் எனக்காக நிற்பார். கழிப்பறைக்குப் போக வேண்டி வருமே என்று காலை எட்டிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்றவர் அவர். மூன்று சீசன் கழித்துப் போன மாதம் அதே மைதானத்துக்குப் போனேன். தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள்.