கடலும் வேணும் பழைய கல்லும் வேணும்: மார்த்தாண்டத்துலேருந்து விழிஞ்ஞம் வரைக்கும், எங்க அனுபவம்

மார்த்தாண்டத்து அக்கா:

தம்பி குடும்பம் ஜனவரில சென்னையிலேருந்து வந்துச்சு, நாலு நாள். அவனுக்கு பீச்ல காலை நீட்டி இருக்கணும், பிளஸ் ஒன் படிக்கிற மவனுக்கு ஸ்கூபா, சர்ஃபிங்னு ஒரே துடிப்பு, நாத்தனாருக்கு பழைய கோயில், கோட்டை, கல்வெட்டு. மொதல்ல தாய்லாந்து போவலாம்னுதான் பேச்சு நடந்துச்சு, நான்தான் நீங்க கேக்குற மூணும் எனக்க வீட்டுலேருந்து ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள கெடக்கு, ஒரு தடவ வந்து பாத்துட்டு சொல்லுங்கன்னேன். அதுல நடந்தத சொல்லுகேன், அடுத்து வாறவங்களுக்கு உதவும்.

கோவளம்னு பிளான் போடுற எல்லாரும் நேரா திருவனந்தபுரத்துல போய் இறங்கிடுறாங்க, இல்லன்னா நம்ம ஊரு வழியா கார்ல பறந்து போயிடுறாங்க. எனக்கு இதுல ரொம்ப நாள் வருத்தம். ஏன்னா சிதறால், பார்த்திவபுரம், கோவளம் பக்கத்துல உள்ள விழிஞ்ஞம் மூணும் ஒரே கதை, அந்த காலத்துல இந்த பக்கத்த ஆண்ட ஆய் மன்னருங்க கதை. நடுவுல களியக்காவிளை செக்போஸ்ட் இருக்குறதால நாம அத ரெண்டு ஸ்டேட்டு கதையா பிரிச்சு பாக்குகோம், அந்த கோடு வந்ததே 1956 நவம்பர் 1ல தான்.

மொத நாள் விடியக்காலம் சிதறால். மார்த்தாண்டத்துலேருந்து 7 கிலோமீட்டர்தான், கல்லு பாவின பாதை, பைய ஏறினா அரை மணி நேரம். வெயில் ஏறுறதுக்கு முன்ன போயிரணும், மேல போனா பாறை சுட்டுப் பொசுக்கும். பாறை முகத்துல வரிசையா சமண தீர்த்தங்கரர் சிற்பம், பார்சுவநாதர் தலைக்கு மேல பாம்பு படம் விரிச்சு நிக்கும், பக்கத்துல பத்மாவதி யட்சி. பின்னால காலத்துல அது பகவதி கோயிலா மாறினதும் அங்கனயே தெரியும். நாத்தனார் அங்க உள்ள கல்வெட்ட பத்தி வாசிச்சுட்டு வந்திருந்தா. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனோட 28ஆம் ஆட்சியாண்டு, குணந்தாங்கி குரத்தின்னு ஒரு பெண் துறவி இந்த கோயிலுக்கு பொன் நகை குடுத்தாங்கன்னு இருக்காம். குரத்தின்னா சமணத்துல பெண் குரு. ஆயிரத்து நூறு வருசத்துக்கு முன்ன ஒரு பொம்பளை குருவா இருந்து பேரு கல்லுல நிக்குதுன்னு அவ சொன்னப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு, நான் சின்ன வயசுலேருந்து ஏறுற மலை, எனக்கு தெரியாம இருந்திருக்கு.

அங்கேருந்து புதுக்கடை, முஞ்சிறை வழியா பார்த்திவபுரம். இப்பவும் பூசை நடக்குற பெருமாள் கோயில், கூட்டமே இல்ல. வரகுணனுக்கு முந்தி இருந்த கோகருநந்தடக்கன் கட்டினது, 866ல குடுத்த செப்பேடு இருக்கு, 95 சட்டர், அதாவது வேதம் படிக்கிற மாணவங்க, தங்கி படிக்க ஒரு சாலை வச்சதா சொல்லுது, சாலைன்னா அந்த காலத்து காலேஜ் ஹாஸ்டல்னு வச்சுக்கிடுங்க. அப்ப பேரெடுத்த காந்தளூர் சாலையில உள்ள முறைப்படியே இங்கயும் நடக்கணும்னு எழுதியிருக்கு. ஒருத்தர ஒருத்தர் ஏசினா தண்டம், ஆயுதத்தோட சபைக்கு வரக்கூடாது, இப்படி ரூல்ஸ் எல்லாம் உண்டு. அதுவரைக்கும் போனையே நோண்டிக்கிட்டு இருந்த பையன் இத கேட்டதும் நிமிந்து, அத்தே, அப்ப அங்க சண்டை நடந்திருக்கும், அதனாலதான ரூல் போட்டிருக்காங்கன்னான். அந்த கேள்விக்காகவே இந்த பிளான் போட்டது சரின்னு தோணிச்சு.

மூணாவது நாள்தான் ஸ்கூபா. போன்ல ஒருத்தர் எந்த மாசம்னாலும் கூட்டிட்டு போவோம் அட்வான்ஸ் போடுங்கன்னார், அந்த பேச்சே பிடிக்கல, விட்டுட்டேன். வேற இடத்துல போனோம், அங்க உள்ள பையன் மொத கேள்வியே சளி இருக்கான்னு கேட்டான். கீழ இறங்க இறங்க தண்ணி காதுல அழுத்தும், மூக்க பிடிச்சு மெதுவா ஊதி சரி பண்ணிக்கிட்டே போவணும், சளி அடைச்சிருந்தா அது முடியாது, செவிப்பறை கிழிஞ்சுரும். தம்பிக்கு சளி, அவன கரையிலயே நிப்பாட்டிட்டான், காசு போனாலும் பரவாயில்லன்னு. அடுத்து சாயங்காலம் எங்க போறீங்கன்னு கேட்டான், நான் பொன்முடி மலைக்குன்னேன். முகம் மாறிடுச்சு அவனுக்கு. அழுத்தத்துல ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜன் மெதுவாதான் வெளிய போவும், அதுக்குள்ள உயரத்துக்கு போனா குமிழா மாறும், ஒரு தடவ முங்கினா 12 மணி நேரம், பல தடவன்னா 18 மணி நேரம் பிளைட் கூடாது, 600 மீட்டருக்கு மேல உள்ள மலைக்கும் அதே கணக்குதான், பொன்முடி 1,100 மீட்டர்னு பொறுமையா சொன்னான். இது எந்த டூர் பேக்கேஜ்லயும் நான் பாக்கல. தயவு செஞ்சு மலைய முன்னால வைங்க, முங்குறத பின்னால வைங்க, அதுக்கப்புறம் ஒரு நாள் விட்டு பிளைட் ஏறுங்க.

பொன்முடிய விட்டுட்டு விழிஞ்ஞம் குடைவரைக்கு போனோம். 8ஆம் நூற்றாண்டு, ஒரே ஒரு சின்ன அறை, உள்ள வீணை பிடிச்ச தட்சிணாமூர்த்தி, வெளியில ஒரு பக்கம் திரிபுராந்தகர், இன்னொரு பக்கம் ஆடுற சிவன், பக்கத்துல பார்வதி, ரெண்டும் முடிக்காம பாதியில நிக்குது. உளி பட்ட தடம் தெரியும். அஞ்சு நிமிசத்துல பாத்துட்டு போயிரலாம், நாத்தனார் அரை மணி நேரம் நின்னா.

வள்ளவிளை கடற்கரையான்:

அக்கா ஜனவரின்னு தேர்ந்தெடுத்ததே பாதி வெற்றி. நவம்பர் கடைசியிலேருந்து பிப்ரவரி வரைக்கும் மேற்குக் கரை அடங்கி கெடக்கும், தண்ணியும் தெளிஞ்சிருக்கும். ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் குளிக்க இறங்கவே வேண்டாம். ஜூலை 31 வரைக்கும் கேரளாவுல 52 நாள் டிராலிங் தடை வேற.

ஏப்ரல் மே லீவுல வாறவங்க கவனிங்க. காத்து இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சுன்னு இருக்கும், திடீர்னு கடல் ஏறி ரோட்டுக்கு வரும், இத கள்ளக்கடல்னு சொல்லுவோம். எங்கயோ தெற்க இந்தியப் பெருங்கடல்ல அடிச்ச காத்து எழுப்பின அலை ரெண்டு மூணு நாள் கழிச்சு இங்க வந்து சேருது. கடல் நிலவரம் சொல்லுற மத்திய அரசு நிறுவனம் இன்காய்ஸ் எச்சரிக்கை குடுக்கும், ரூம் போடுறதுக்கு முன்ன அத பாருங்க.

எனக்க அனுபவம் ஒண்ணு. ஒரு ஞாயிறு காலைல கரமடி, அதான் கரையிலேருந்தே இழுக்குற வலை, இழுத்துட்டு இருந்தோம், வெளியூர் பயலுவ ரெண்டு பேரு, காலேஜ் படிக்கிற வயசு, அலை அடிக்காத இடமா பாத்து இறங்குனானுவ. அதுதான் தப்பு. ரெண்டு பக்கமும் அலை உடையும், நடுவுல மட்டும் உடையாம, கொஞ்சம் கலங்கலா, அமைதியா தெரியும் பாருங்க, அங்கதான் கரைக்கு வந்த தண்ணி திரும்ப கடலுக்கு ஓடுது. கண்ணு முன்னால இழுத்துட்டு போச்சு. கரைய நோக்கியே நீந்தி நீந்தி ஒருத்தன் கை சோந்து போயிட்டான். நாங்க கத்தினோம், பக்கவாட்டுல போ மக்ளே, பக்கவாட்டுல போன்னு. ஒருத்தன் கேட்டு சரிஞ்சு நீந்தி தானா வந்து சேந்தான், இன்னொருத்தன வள்ளத்துல போயி தூக்குனோம். கரையில வந்து அவன் வாந்தி எடுத்துட்டு எனக்க கைய விடவே இல்ல.

கடலுக்கு திரும்பி ஓடுற இந்த ஒழுக்கு அகலம் கம்மிதான், பக்கவாட்டுல கொஞ்ச தூரம் போனா விட்டுரும். சிவப்பு கொடி நட்டிருந்தா லைஃப் கார்டு கிட்ட வாக்குவாதம் பண்ணாதீங்க. 2017 ஒக்கி புயல்ல எங்க தூத்தூர் பக்கம் எத்தன வீட்ல ஆள் திரும்பலன்னு பாத்தவன் சொல்லுகேன்.

பாறசாலை மாஷ்:

நல்ல பதிவு. ஒரு இடம் சேத்துக்கணும், புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை. குளச்சல்ல 1741ல மார்த்தாண்டவர்மாகிட்ட தோத்த டச்சு தளபதி டி லனாய், அப்புறம் அதே ராஜாவுக்கு படைய பழக்கி இந்த பழைய கோட்டைய திரும்ப பலமா கட்டினவர். 1777ல செத்து அதுக்குள்ளயே அடக்கம். கூரை இல்லாத பழைய சேப்பல், கல்லறை மேல லத்தீன்லயும் தமிழ்லயும் எழுத்து. எனக்க மகளுக்கு ஸ்கூல்ல மலையாளம்தான், தமிழ் நான் வீட்ல சொல்லிக் குடுத்தது. அந்த கல்லுல விரல வச்சு எழுத்து கூட்டி வாசிச்சா, பக்கத்துல நின்ன வாட்ச்மேன் ஒண்ணும் பேசாம தூசிய துடைச்சு விட்டார்.

அங்கேருந்து பத்மநாபபுரம் அரண்மனை பக்கம்தான், திங்கக்கிழமை லீவு, நாங்க உறவுக்காரங்க பன்னெண்டு பேர கூட்டிட்டு போயி கேட்டோட திரும்பினோம். நிலம் தமிழ்நாட்டுல, அரண்மனைய பாக்குறது கேரள தொல்லியல் துறை, அதனால லீவு நாளையும் அவங்ககிட்டதான் கேக்கணும்.

மார்த்தாண்டத்து அக்கா:

மாஷ், அடுத்த தடவ ரெண்டாவது நாள் முழுக்க உதயகிரியும் பத்மநாபபுரமும்னு எழுதி வச்சாச்சு. கடற்கரையான் அண்ணே, அந்த கலங்கல் தண்ணி விசயத்த தம்பிக்கு அப்படியே அனுப்பிட்டேன், பையன் அடுத்த டிசம்பர்ல சர்ஃபிங் கத்துக்கணும்னு நிக்கிறான், கரமடி இழுக்குற நாள் எதுன்னு சொன்னா அன்னைக்கே கூட்டிட்டு வாறேன், ஒரு கயிறு அவனும் பிடிக்கட்டும்.